எங்கள் ஆயா, பள்ளிக்கூடத்து ஆயா

எங்கள் வடார்க்காட்டுப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டி என்று ஒருத்தி இல்லை, ஆயாதான் உண்டு. அப்பாவைப் பெற்றவளும் ஆயா, அம்மாவைப் பெற்றவளும் ஆயா. இருவரையும் பிரித்துச் சொல்ல நேர்ந்தால் ஊரைச் சேர்த்துக்கொள்வோம். எனக்குக் குடியாத்தத்து ஆயா ஒருத்தி, பேரணாம்பட்டு ஆயா ஒருத்தி. பாடப்புத்தகத்தில் வடை சுட்டவள் பாட்டி. எங்கள் தெருவில் அதே வடையைக் காக்காய்க்குப் பறிகொடுத்தவள் ஆயா.

ஆயாவிடம் 'நீங்க' கிடையாது. மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லாருக்கும் வாங்க, போங்கதான். அப்பாவிடம் நேரே நின்று பேசுவதே பெரிய காரியம். வீட்டில் எல்லாரையும்விட மூத்தவளான ஆயாவை மட்டும் "ஆயா, நீ சாப்ட்டியா?", "ஆயா, இங்க வாயேன்" என்போம். யாரும் அதட்டியதில்லை. கேழ்வரகுக் களியைக் கிண்டி உருட்டி, குழி பறித்து, முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றித் தந்த அந்தக் கைக்கு முன்னால் மரியாதைப் பன்மை ஒட்டவே ஒட்டாது. நெருக்கத்தின் உச்சியில் இருந்தவள் அவள். அதற்கு மேல் ஒரு மரியாதை எங்களுக்குத் தெரியாது.

பிறகு நான் தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அதே சொல்லை அதே 'நீ'யோடு கேட்டேன். "ஆயா, நீ போயி சாக்பீஸ் எடுத்துட்டு வா." "மிஸ், ஆயா இன்னும் பெல் அடிக்கல." சொன்னவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகளும் இருபத்தைந்து வயது ஆசிரியர்களும். கேட்டுக்கொண்டு நடந்தவருக்கு என் அம்மா வயது. சொல்லில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் வீட்டில் அந்த 'நீ' மடியில் உட்கார்ந்து சொன்னது. இங்கே உயரத்தில் நின்று சொன்னது. இந்த வித்தியாசம் என்னைப் பல வருடங்கள் உறுத்தியது. இரண்டும் ஒரே சொல்தானா, எங்கிருந்து வந்தது என்று அகராதிகளையும் பழைய நூல்களையும் புரட்ட ஆரம்பித்தது அதனால்தான்.

முதலில் வீட்டு ஆயாவைச் சொல்லிவிடுகிறேன். அவள் நம் மொழியின் அடித்தளத்தில் இருப்பவள்.

சங்கத் தமிழில் தாயைக் குறிக்க மூன்று வடிவங்கள் இருந்தன. யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்றால் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய தாய். குறுந்தொகையின் 40ஆம் பாடலை அறிந்தவர்களுக்கு யாயும் ஞாயும் பழக்கமானவை. தந்தைக்கும் இப்படித்தான் எந்தை, நுந்தை, தந்தை என்று மூன்று இருந்தன. காலப்போக்கில் 'என்', 'உன்' இரண்டும் உதிர்ந்து, மூன்றாமவருக்கு உரிய தாயும் தந்தையும் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக நின்றுவிட்டன. எழுத்தில் அப்படி. பேச்சில் அந்தப் பழைய வேர் சாகவில்லை. ஆய், ஆயி என்று தாயைக் குறித்துக்கொண்டு ஊர்ப்புறங்களில் வாழ்ந்தது. கருப்பாயி, பொன்னாயி, ராமாயி, செல்லாயி என்ற பெண் பெயர்களின் வாலில் உட்கார்ந்திருப்பது அந்த ஆயிதான். தஞ்சை, திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் அப்பாவின் அம்மாவை அப்பாயி என்றும், அம்மாவின் அம்மாவை அம்மாயி என்றும் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அப்பாவின் ஆயி, அம்மாவின் ஆயி. பிரித்துப் பார்த்தால் உறவு தானாகத் தெரிகிறது. பள்ளியில் சந்தி பிரிக்கச் சொல்லித்தரும்போது இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதுவேன். தங்கள் வீட்டுக் கிழவியின் பெயருக்குள் இலக்கணம் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆயா என்பது இந்த ஆயின் கூப்பிடும் வடிவம். அம்மை கூப்பிடும்போது அம்மா ஆகிறாள். அக்கை அக்கா ஆகிறாள். ஆத்தாள் ஆத்தா ஆகிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்த வடிவம் பெயராக நிலைத்துவிடுகிறது. உறவுச் சொற்களில் இது இயல்பு. குழந்தைக்கு இலக்கணம் தெரியாது, கூப்பிடத்தான் தெரியும்.

தாயைக் குறித்த சொல் பாட்டிக்கு எப்படிப் போனது? இதற்கு எங்கள் வீடே சாட்சி. குடியாத்தத்து ஆயாவை என் அப்பாவும் ஆயா என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு அது அம்மா. அவர் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் கூப்பிட்டோம். எங்களுக்கு அது பாட்டி. அடுத்த தலைமுறையில் பெற்றவளுக்கு 'அம்மா' வந்து அமர்ந்ததும், பழைய சொல் ஒரு படி மேலே ஏறிக் கிழவிக்கு மட்டும் உரியதாகிவிட்டது. கூட்டுக்குடும்பம் இருந்த இடமெல்லாம் இந்த ஏற்றம் நடந்திருக்கிறது. தெற்கே ஆத்தா என்றால் பெற்ற தாய். கொங்கு வீடுகள் பலவற்றில் அப்பாவைப் பெற்றவளும் ஆத்தா. கன்னடத்தில் அவ்வ என்றால் தாய், தெலுங்கில் அவ்வ என்றால் பாட்டி. நம் ஔவையும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். அதனால்தான் ஔவையார் என்றதும் நமக்கு ஒரு மூதாட்டியின் முகம் வருகிறது.

செட்டிநாட்டில் இந்த ஏற்றம் ஒரு பக்கமாகவே நின்றது. நகரத்தார் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவின் அம்மா. அப்பாவின் அம்மா அப்பத்தா. அம்மா பிறந்த வீட்டுக்கே 'ஆயா வீடு' என்று பெயர். நெல்லையில் பாட்டியாக இருக்கும் ஆச்சி, செட்டிநாட்டில் அக்காவுக்கும் மணமான பெண்களுக்கும் உரிய மரியாதைச் சொல். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த நடிகை மனோரமா, இளமையிலேயே 'ஆச்சி' ஆனது இந்த மரபில்தான். தெரியாத நெல்லைக்காரர்கள் அவரைப் பாட்டி என்று கூப்பிடுவதாக நினைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, அப்பம்மா. அங்கேயும் ஆச்சி உண்டு. முஸ்லிம் வீடுகளில் உம்மம்மா. இத்தனை பெயர்களும் ஒரே உறவுக்கு. இவற்றை வட்டார வழக்கு என்று தள்ளிவிட்டுப் பாட்டி ஒன்றை மட்டும் பாடநூலில் வைத்தோம்.

பாட்டியைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஆயா கொச்சை, பாட்டி கண்ணியம் என்று நினைப்பவர்கள் தொல்காப்பிய மரபியலைத் திறந்து பார்க்க வேண்டும். பாட்டி என்பது அங்கே பன்றி, நாய் ஆகியவற்றின் பெண்ணுக்குரிய பெயர். சங்கப் பாடல்களில் பாணர் குலத்துப் பாடும் பெண்ணுக்கும் அந்தப் பெயர் உண்டு. பிற்காலத்தில்தான் அது பாட்டனுக்குத் துணையாகி வீட்டுக்குள் வந்தது. ஒரு சொல்லின் கௌரவம் அதன் பிறப்பில் இல்லை. எந்த வாய் எந்தக் காலத்தில் யாரைப் பார்த்துச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. இது ஆயாவுக்கு முழுக்கப் பொருந்தும். அவளுக்குக் கௌரவம் குறைந்த கதை கடல் வழியாக வந்தது.

வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498இல். 1520களில் போர்ச்சுகீசியர் மயிலாப்பூருக்கு வந்து சாந்தோமில் ஊர் அமைத்துக்கொண்டார்கள். நாகப்பட்டினத்திலும் முத்துக்குளித்துறையிலும் வேர் பிடித்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களை நாம் தினமும் கையில் எடுக்கிறோம். சாவி அவர்களுடையது. அலமாரியும் ஜன்னலும் பீப்பாயும் ஏலமும் பாதிரியும் அவர்களுடையவை. அந்த மூட்டையில் 'ஐயா' என்று நம் காதில் விழக்கூடிய ஒரு சொல்லும் இருந்தது. எழுதுவது ஆ-இ-ஆ போல. பொருள், பிரபுக்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண். பிள்ளைக்கு ஒழுக்கம் சொல்லித்தரும் பொறுப்பும் அவளுடையதுதான்.

ஆங்கிலேயர் 1640இல் சாந்தோமுக்கு வடக்கே புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, இந்தக் கடற்கரையில் ஐரோப்பியரும் நம்மவரும் பேசிக்கொள்ளும் பொதுமொழி உடைந்த போர்ச்சுகீசியமாகத்தான் இருந்தது. கோட்டைக்குள் சமையல்காரரிடமும் வேலைக்காரப் பெண்ணிடமும் பேச அதுவே உதவியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1698இல் வழங்கப்பட்ட சாசனம், இங்கே வரும் பாதிரிமார்கள் ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்றாக வேண்டும் என்று விதித்தது. லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் ஆங்கிலேயப் பாதிரி போர்ச்சுகீசியம் படித்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மொழி இங்கே எவ்வளவு ஊறியிருந்தது என்று புரியும். அப்படித்தான் குழந்தை பார்க்கும் பெண்ணின் பெயர் ஆங்கிலேயர் வாய்க்குப் போயிற்று. அவர்கள் உச்சரிப்பில் 'ஆயா'வாகி, கல்கத்தா, பம்பாய், ரங்கூன் என்று அவர்கள் போன இடமெல்லாம் போயிற்று. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெலும் ஹென்றி யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் ஆயாவைப் போர்ச்சுகீசியச் சொல் என்றே பதிவு செய்கிறது.

இங்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்த ஓர் இடம் உண்டு. அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லின் மூலத்தைத் தேடிப்போன அறிஞர்கள் லத்தீன் மொழியின் 'அவியா'வில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவியா என்றால் பாட்டி. ரோமாபுரியில் பாட்டியாக இருந்தவள் லிஸ்பனில் பிள்ளை வளர்க்கும் பணிப்பெண் ஆனாள். சென்னைக்குக் கப்பலேறி வந்தபோது, இங்கே தன்னைப் போலவே ஒலிக்கும் ஒரு பாட்டி ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். இருவருக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் முழுத் தற்செயலும் இல்லை. உலகத்துக் குழந்தைகள் எல்லாரும் முதலில் எழுப்புவது ஆ-வும் ம-வும் போன்ற எளிய ஒலிகளைத்தான். தன்னைத் தூக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒலிகள் பெயராகின்றன. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். போர்ச்சுகீசியத்தில் பால் கொடுக்கும் செவிலிக்கு 'அமா' என்று பெயர். அதுவும் ஆங்கிலேயர் வழியாகக் கிழக்கே போய், சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சீன வேலைக்காரப் பெண்களின் பெயராயிற்று. நம் அம்மாவையும் ஆயாவையும் போலவே ஒலிக்கும் இரண்டு சொற்கள், இரண்டும் கூலிக்குப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு!

ஆகவே தமிழ்நாட்டில் ஆயா இரண்டு ஓடைகள் கலந்த சொல். வீட்டுப் பாட்டி ஆயா நம்முடையவள். துரை வீட்டு ஆயா கடல் வழி வந்தவள். வயதான எந்தப் பெண்ணையும் உறவு சொல்லிக் கூப்பிடும் நம் பழக்கம் இரண்டையும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது.

துரை வீட்டு ஆயாக்களைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. ஆங்கிலக் குடும்பங்கள் விடுமுறைக்கோ நிரந்தரமாகவோ ஊர் திரும்பும்போது, மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டிப்போனார்கள். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகு பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது, போகிறவர்கள் கூடினார்கள். கடல் சீற்றத்தில் எஜமானி வாந்தியெடுத்துப் படுத்திருக்க, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பல் தளத்தில் நடந்தவர்கள் இந்தப் பெண்கள். லண்டனில் இறங்கியதும் வேலை முடிந்தது. திரும்பிப்போக வழிச்செலவு தருவதாகச் சொன்ன சில குடும்பங்கள் கைவிட்டன. குளிரில், மொழி தெரியாத ஊரில் அவர்கள் தெருவில் நின்றார்கள். இவர்களுக்காகவே லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' ஒன்று ஏற்பட்டது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்தது. 1900இல் ஹாக்னி பகுதியின் கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு மாறியது. இந்தியாவுக்குப் புறப்படும் குடும்பம் ஏதாவது ஆயா தேடினால், இங்கே தங்கியிருப்பவரை அவர்களோடு அனுப்பிவைப்பார்கள். அந்தோணி பெரெய்ரா என்ற கணவர் பெயரால் அறியப்படும் ஓர் ஆயா 54 முறை இப்படிக் கடல் கடந்தவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கிடைக்கவே இல்லை. ரோஸினா விஸ்ராம் 1986இல் எழுதிய புத்தகம்தான் இந்தப் பெண்களை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. 2022 ஜூனில் அந்த ஹாக்னி வீட்டின் சுவரில் நினைவுப் பலகை ஒன்றும் பதித்தார்கள்.

எத்தனை தமிழ்ப் பெண்கள் அந்த வீட்டுப் படியேறியிருப்பார்கள்! அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருந்திருக்கும். துரை பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய நேரத்தில் தன் பிள்ளையை வளர்த்தது யார்? வீட்டில் இருந்த இன்னொரு ஆயாதான், சம்பளமில்லாத ஆயா. இந்த இடத்தில்தான் இரண்டு சொற்களும் எனக்கு ஒன்றாகிப் போகின்றன. செய்யும் வேலை ஒன்றேதான்: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் கழுவுவது, அழுகையை ஆற்றுவது. உறவுக்காகச் செய்தால் காலில் விழுகிறோம். கூலிக்குச் செய்தால் 'வா, போ' என்கிறோம்.

வெள்ளைக்காரர்கள் போனபின் அந்தச் சொல் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடிபெயர்ந்தது. பிரசவ வார்டிலிருந்து புதுக் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து நம் கையில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஓர் ஆயா. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் வந்த அங்கன்வாடிகளில் அவருக்கு அரசு வைத்த பெயர் உதவியாளர்; 1982இல் வந்த சத்துணவுக் கூடத்தில் சமையலர், சமையல் உதவியாளர். பிள்ளைகளுக்கு எல்லாரும் ஆயாதான். மூன்று வயதில் அம்மாவின் கையை விட்டு அழுதுகொண்டு உள்ளே வரும் குழந்தையின் மூக்கைத் துடைப்பவர் ஆசிரியை அல்ல. வகுப்பில் ஒரு பிள்ளை கால்சட்டையை நனைத்துக்கொண்டால் நாங்கள் ஜன்னல் வழியாக அவரைத்தான் கூப்பிடுவோம். அவர் வந்து, "ஒண்ணும் இல்லடா கண்ணு, வா" என்று அழைத்துப்போய்க் கழுவி, வேறு உடை மாட்டி, மற்ற பிள்ளைகள் சிரிப்பதற்குள் கொண்டுவந்து உட்கார வைப்பார். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை சொல்லும் ஆயாவில் எங்கள் குடியாத்தத்து ஆயா இருப்பாள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறோம். வேலைக்காரப் பெண்ணின் பெயராகிவிட்டதால் வீட்டில் ஆயா என்று சொல்ல இளைய தலைமுறை கூசுகிறது. என் மாணவி ஒருத்தி கட்டுரையில் 'எங்கள் ஆயா' என்று எழுதிவிட்டு, அடித்து 'பாட்டி' என்று திருத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "ஆயான்னா பெருக்கறவங்கன்னு நெனச்சிப்பாங்க மிஸ்" என்றாள். அடித்ததற்கு மேலே ஆயாவை மறுபடி எழுதச் சொல்லி முழு மதிப்பெண் போட்டேன். சென்னையிலும் வேலூரிலும் வாழும் என் உறவுக்காரப் பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் பாட்டி என்கிறார்கள், சிலர் கிராண்ட்மா. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய யாயின் மிச்சம், பெருக்குமாறு பிடித்தவரோடு சேர்த்துப் பார்க்கப்படுவதால் வீட்டை விட்டு வெளியேறுகிறது. பெருக்குமாறு பிடிப்பதில் என்ன இழிவு? எங்கள் ஆயாவும் விடியற்காலையில் வாசல் பெருக்கித்தான் அந்த நாளைத் தொடங்கினாள்.

என் பேத்தி என்னை ஆயா என்கிறாள். அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே மகனிடமும் மருமகளிடமும் கேட்டு வாங்கிய பெயர் அது. திருச்சிக்காரியான சம்பந்தி அம்மாயி. குழந்தைக்குக் குழப்பமே இல்லை, இரண்டு பேரையும் 'நீ' என்கிறாள்.

அவள் படிக்கும் பள்ளியில் இந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆயா என்ற சொல் மரியாதைக் குறைவு, இனிமேல் பணிப்பெண்களை 'அக்கா' என்று அழைக்க வேண்டும் என்று. நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறார்கள். ஆனால் நான் அங்கே போகும்போதெல்லாம் அந்த அக்காக்கள் மாடிப்படியில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காலை ஏழரைக்கு வந்து கடைசி வேன் போனபின் வீடு திரும்புகிறார்கள். அறுபதை நெருங்கும் ஒருவர் மூன்றாம் மாடிவரை தண்ணீர் கேன் தூக்குகிறார். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்: அவர்களுக்கு ஓர் அறை, நாற்காலிகள், மதியம் அரை மணி நேரம் முழுதாக ஓய்வு, சம்பளத்தோடு வருங்கால வைப்பு நிதி. பெயரை அவர்களிடமே கேட்டு வையுங்கள் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் நேரில் கேட்கப் போகிறேன். வேறு சில வீடுகளின் ஆயாக்களும் அப்பாயிகளும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.